நாள் குறிக்காத காத்திருப்பு

உலக வரலாற்றுக்கு ஒரு முடிவு உண்டு என்பதும், அம்முடிவில் இயேசு கிறிஸ்து மீண்டும் வந்து உயிரோடிருப்போருக்கும் இறந்தோருக்கும் தீர்ப்பு வழங்குவார் என்பதும் கிறிஸ்தவ சமயத்தின் பெரும்பிரிவுகள் அனைத்தும் ஒப்புக்கொள்ளும் நம்பிக்கைகள் ஆகும். 325ஆம் ஆண்டில் நைசீயாவிலும் 381ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டினோபிளிலும் கூடிய திருச்சபைச் சங்கங்கள் வகுத்தளித்த விசுவாசப் பிரமாணத்தில், அதாவது நம்பிக்கை அறிக்கையில், இது இடம்பெற்றிருப்பதால், கத்தோலிக்க ஆலயத்திலும் தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்திலும் வழிபாட்டுக்கு வருவோர் இதனை வாயால் அறிக்கையிடாமல் ஆண்டு ஒன்றைக் கடப்பதில்லை. பெத்லகேமில் பிறந்தது முதல் வருகை என்றும், இனி நிகழவிருப்பது இரண்டாம் வருகை என்றும் கிறிஸ்தவர்கள் கூறுவர். அவ்வருகைக்கு எந்நேரமும் தகுதியான நிலையில் இருப்பதற்குத் தமிழ்ச் சபைகள் இட்டிருக்கும் பெயர் 'ஆயத்தம்' என்பது. ஆயத்தமாக இரு என்று கட்டளையிடுவதில் சபைகளுக்குள் வேற்றுமை இல்லை. ஆயத்தம் என்பது எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பதில்தான் கிறிஸ்தவ வரலாற்றின் தொடக்கம் முதலே கருத்துகள் பிரிந்து நிற்கின்றன. வருகையின் நாளைக் கணிப்பது ஒரு வழியாகவும், நாளைப் பற்றிக் கவலைப்படாமல் தன் பொறுப்புக்குக் கணக்கு ஒப்புவிக்கத்தக்கவாறு வாழ்வது மற்றொரு வழியாகவும் அமைந்துள்ளன. தமிழ்நாட்டின் கிறிஸ்தவ வரலாற்றில் இவ்விரண்டுக்கும் சான்றுகள் உள்ளன.

இவ்விரண்டாம் வழிக்கு அடிப்படையான கணக்கு ஒப்புவித்தல் என்னும் கருத்து தமிழ் மண்ணுக்குப் புதியதன்று என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் ஒரு சான்று. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள, முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள், ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளை விரித்துரைக்கின்றன. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. அவர்களது பொறுப்புக் காலம் முந்நூற்றறுபது நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் பெயரிடப்படத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் மிகக் கடுமையானது. இயேசு கூறிய உவமைகள் பலவும் இதே கட்டத்தில்தான் உச்சத்தை அடைகின்றன: பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியூர் சென்ற உரிமையாளர் ஒருவர் எதிர்பாராத நேரத்தில் திரும்பி வந்து கணக்குக் கேட்கிறார். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. பலரும் மகிழ்ந்து பாராட்டும் உத்திரமேரூரின் ஊர்ச்சபை அந்தணர் ஊரின் சபை என்பதும், நிலமும் வேத அறிவும் அங்கே தகுதிகளாக வைக்கப்பட்டிருந்தன என்பதும், பிற்காலத்தில் இவ்வட்டாரத்தில் கிறிஸ்தவத்தைத் தழுவியோரில் பெரும்பாலோர் அத்தகைய சபைகளின் வாசலுக்கே வர இயலாத சேரி மக்கள் என்பதும் மறக்கத்தக்கவை அல்ல.

ஆயத்தம் பற்றிய விவிலியப் போதனையின் மையம், மத்தேயு எழுதிய நற்செய்தியின் 24, 25ஆம் அதிகாரங்கள் ஆகும். எருசலேம் ஆலயம் இடிக்கப்படும் என்று இயேசு கூறக் கேட்ட சீடர்கள், அது எப்போது நிகழும், அவருடைய வருகைக்கு அடையாளம் என்ன என்று ஒலிவ மலையில் வைத்து வினவுகின்றனர். போர், பஞ்சம், நிலநடுக்கம், போலித் தீர்க்கதரிசிகள் என்று அடையாளங்களை அவர் அடுக்கினாலும், இவையெல்லாம் தொடக்கமே அன்றி முடிவல்ல என்று உடனே எச்சரிக்கிறார். அந்த நாளையும் நாழிகையையும் வானதூதரும் அறியார், மகனும் அறியார், தந்தை ஒருவரே அறிவார் என்று அவர் சொன்னதாக மத்தேயுவும் மாற்கும் பதிவு செய்துள்ளனர். பின்வந்த இறையியலாளர்களுக்கு இது பெரும் சங்கடத்தை விளைவித்த கூற்று. கடவுளின் மகன் ஒன்றை அறியாதிருத்தல் எவ்வாறு என்று நான்காம் நூற்றாண்டிலேயே நீண்ட விவாதம் நடந்தது. ஆனால், எளிய விசுவாசிக்கு அதன் நடைமுறைப் பொருள் தெளிவானது. மகனுக்கே மறைக்கப்பட்ட நாளைக் கண்டறிந்துவிட்டதாக எந்தப் போதகர் சொன்னாலும், அவர் தம் குருவை மிஞ்சியவராகத் தம்மைக் காட்டிக்கொள்கிறார். நாளைக் குறிப்பதற்கு எதிரான தடையை வேறெவரும் விதிக்கவில்லை. இயேசுவின் கூற்றே அத்தடை.

அவ்வுரையைத் தொடர்ந்து வரும் உவமைகள் ஆயத்தத்தைப் படிப்படியாக விளக்குகின்றன. திருடன் எந்தச் சாமத்தில் வருவான் என்று அறியாத வீட்டுக்காரன் முதலில் வருகிறான். அடுத்து, எஜமான் வரத் தாமதிக்கிறான் என்று எண்ணி உடன்வேலைக்காரர்களை அடித்துக் குடித்து வெறிக்கும் ஊழியக்காரன் வருகிறான். அவன்மேல் சுமத்தப்படும் குற்றம் வருகையின் நாளை அறியாமை அன்று. தன் கீழிருந்தோரை நடத்திய விதமே. மூன்றாவதாக, மணமகனை எதிர்கொள்ள விளக்கேந்திச் சென்ற பத்துக் கன்னியரின் கதை. தமிழ்ச் சபைகளில் மிகுதியாகப் பிரசங்கிக்கப்படும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. மணமகன் தாமதித்தபோது பத்துப் பேருமே உறங்கிவிட்டனர் என்பதைப் பிரசங்கியார் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். புத்தியுள்ள ஐவரும் தூங்கினர். அவர்களை வேறுபடுத்தியது மாற்று எண்ணெய் வைத்திருந்தமை மட்டுமே. ஆகவே, விழிப்பு என்பது கண் இமையாது வானத்தை நோக்கி நிற்கும் பதற்றம் அன்று, நீண்ட தாமதத்தையும் தாங்கும் இருப்பு என்று இக்கதையைப் படிப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. மாசி, பங்குனியில் குளக்கரையை உயர்த்தித் தூர்வாரும் ஊர், வடகிழக்குப் பருவமழை எந்த நாளில் இறங்கும் என்று கேட்பதில்லை. மழை இறங்கும் நாளில் கரை நிற்க வேண்டும் என்பதே அதன் கவலை. நான்காவது உவமை, எஜமான் கொடுத்த தாலந்தை, அதாவது பெருந்தொகைப் பணத்தை, அஞ்சிப் புதைத்துவைத்த ஊழியக்காரனைப் பற்றியது. இறுதியாக, அரசர் ஆடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பதுபோல மக்களைப் பிரிக்கும் காட்சி வருகிறது. பசித்தவனுக்கு உணவளித்தார்களா, சிறையிலிருந்தவனைச் சென்று பார்த்தார்களா என்பனவே அங்கே கேட்கப்படும் கேள்விகள். முடிவுக்கால அட்டவணையை அறிந்திருந்தார்களா என்னும் கேள்வி அங்கே இல்லை.

இவ்வாறு தெளிவாக இருந்தும், முதல் தலைமுறையிலேயே குழப்பம் எழுந்தது. கிரேக்க நாட்டின் தெசலோனிக்கேயா நகரச் சபைக்கு 50ஆம் ஆண்டையொட்டிப் பவுல் எழுதிய கடிதங்கள் புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகப் பழையவற்றைச் சேர்ந்தவை. கிறிஸ்து வருமுன் இறந்துபோன உறவினரின் கதி என்னவாகும் என்னும் துயரத்துக்கு முதல் கடிதம் விடை கூறுகிறது. வருகை மிக அண்மையில் இருக்கிறது என்று எண்ணி அமைதி குலைந்தோரையும், வேலை செய்யாமல் பிறர் உழைப்பில் உண்டு அலைந்தோரையும் இரண்டாம் கடிதம் கண்டிக்கிறது. வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்னும் புகழ்பெற்ற விதி பிறந்த இடம் இதுவே. பொதுவான உழைப்பு நெறியாக எடுத்தாளப்படும் அவ்விதி, உண்மையில் முடிவுக்காலப் பரபரப்புக்கு இடப்பட்ட கடிவாளம். இதன் மறுமுனையில், தலைமுறைகள் கடந்தும் வருகை நிகழவில்லையே என்று ஏளனம் செய்தோருக்குப் பேதுருவின் பெயரிலான இரண்டாம் கடிதம் விடையளிக்கிறது: கடவுளின் காலக் கணக்கு மனிதரின் காலக் கணக்கன்று, தாமதம் மனந்திரும்புதலுக்கான பொறுமை.

வெளிப்படுத்தின விசேஷம் என்று சீர்திருத்தச் சபையாரும் திருவெளிப்பாடு என்று கத்தோலிக்கரும் வழங்கும் கடைசி நூலின் 20ஆம் அதிகாரம் கூறும் ஆயிரம் ஆண்டு அரசாட்சியை எவ்வாறு பொருள்கொள்வது என்பதில் மூன்று கொள்கைகள் உருவாயின. கிறிஸ்து வந்தபின் பூமியில் ஆயிரம் ஆண்டு ஆள்வார் என்பது ஒன்று. திருச்சபையின் பணியால் உலகம் செம்மையுற்ற நீண்ட காலத்தின் இறுதியில் அவர் வருவார் என்பது மற்றொன்று. ஆயிரம் என்பது எண்ணன்று, திருச்சபையின் காலம் முழுவதையும் குறிக்கும் உருவகம் என்பது மூன்றாவது. ஐந்தாம் நூற்றாண்டின் அகுஸ்தீன் மூன்றாவதை வலியுறுத்தியதால் கத்தோலிக்க மரபும் பழைய சீர்திருத்தச் சபைகளும் அவ்வழியே சென்றன.

அதனால்தான் தமிழ்க் கத்தோலிக்கரிடையே முடிவுக்காலம் பற்றிய பரபரப்பு பெரும்பாலும் குறைவு. மரணம், தீர்வை, மோட்சம், நரகம் என்னும் இறுதி நான்கையும் மறைக்கல்வியில் கற்பிக்கும் கத்தோலிக்கத் திருச்சபை, ஒவ்வொருவரும் இறந்தவுடன் பெறும் தீர்ப்பைத் தனித்தீர்வை என்றும், உலக முடிவில் அனைவரும் பெறுவதைப் பொதுத்தீர்வை என்றும் பிரித்துக் கூறும். பொதுத்தீர்வையின் நாள் எவருக்கும் தெரியாது. தனித்தீர்வையின் நாளோ இன்றைய இரவாகவும் இருக்கலாம். ஆகவே ஆயத்தத்தின் பாரம் உலகின் முடிவிலிருந்து தனிமனிதரின் சாவுக்கு இடம் மாறுகிறது. பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல், சாகும் தறுவாயில் நோயில்பூசுதல் பெறுதல், நல்ல மரணத்தின் பாதுகாவலராகிய புனித சூசையப்பரிடம் மன்றாடுதல், நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் குடும்பத்தோடு கல்லறைகளைத் தூய்மைசெய்து மெழுகுதிரி ஏற்றுதல் ஆகியவை இம்மரபின் ஆயத்தங்கள். சீர்திருத்தச் சபைக் கவிஞர்கள் வேறொரு பாதையைத் தேர்ந்தனர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) திருச்சபையை மணமகனுக்காக ஏங்கும் மணமகளாகப் பாடியதும், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில் வாழ்வை நித்திய நகரத்தை நோக்கிய பயணமாக விரித்ததும் காத்திருப்பைப் பக்தி இலக்கியத்தின் அகத்துக்குள் கொண்டுவந்த முயற்சிகள்.

வருகை மிக அருகில் உள்ளது என்னும் உணர்வு தமிழகத்தில் ஓர் இயக்கமாக எழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதன் வேரொன்று இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் இருந்தது. அங்கே பல் மருத்துவராகப் பொருளீட்டிய அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் (1795–1853), கிறிஸ்தவர் பூமியில் செல்வம் சேர்க்கலாகாது என்று 1825இல் ஒரு சிறுநூல் எழுதி, தம் தொழிலைத் துறந்து, 1829இல் பாக்தாதுக்குச் சென்றார். அங்கே பரவிய கொள்ளைநோயில் 1831இல் மனைவியை இழந்த அவர், 1833இல் இந்தியா வந்து சென்னையிலும் சித்தூரிலும் பணியாற்றினார். பிளைமவுத் சகோதரர் என்று வழங்கப்பட்ட அவரது குழுவில், குருப்பட்டம் இல்லை. அப்பம் பிட்கும் உரிமை விசுவாசிகள் அனைவருக்கும் உண்டு. கிறிஸ்துவின் வருகை எந்நேரமும் நிகழலாம் என்னும் எதிர்பார்ப்பு அதன் உயிர்மூச்சு. அக்குழுவின் மற்றொரு தலைவரான ஜான் நெல்சன் டார்பி (1800–1882) அவ்வெதிர்பார்ப்பை ஒரு திட்டமாகவே வகுத்தார். கிறிஸ்து முதலில் இரகசியமாக வந்து விசுவாசிகளை மேகங்களில் எடுத்துக்கொள்வார். அதன்பின் அந்திக்கிறிஸ்து என்னும் எதிரியின் ஆட்சியில் மகா உபத்திரவக் காலம் ஒன்று வரும். அதன் முடிவில் அவர் வெளிப்படையாக வருவார். 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு விளக்கக் குறிப்பு விவிலியம் இக்கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. இன்று கிராமத்துச் சுவரொட்டிகளில் காணப்படும் 'இரகசிய வருகை' என்னும் தொடர் அப்போஸ்தலர் காலத்திலிருந்து மாறாது வந்ததென்று பலரும் எண்ணுகின்றனர். அத்திட்டத்துக்கு வயது இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை.

குரோவ்ஸிடம் பழகிய ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். ஜெர்மானிய மிஷனரி ரேனியஸின் மாணவர். மிஷன் சங்கங்களிடம் சம்பளம் பெறுவதில்லை என்று உறுதிபூண்ட அவர், 1840இல் கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை நிறுவி, விசுவாசிகளின் கைப்பணத்தில் இயங்கும் சபைகளைத் தொடங்கினார். 1860ஆம் ஆண்டு அச்சபைகளில் பெரும் எழுப்புதல் ஏற்பட்டது. எழுப்புதல் என்பது மக்கள் கூட்டமாகப் பாவ உணர்வடைந்து புதிய ஆவிக்குரிய வாழ்வில் நுழைவதைக் குறிக்கும் சொல். பாவத்தை அறிக்கையிட்டு அழுதோர், தரிசனம் கண்டோர், அறியாத மொழியில் பேசியோர், தீர்க்கதரிசனம் உரைத்தோர் ஆகியோரில் பெண்களும் எழுத்தறியாதவர்களும் இருந்தனர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருவில் 1906இல் பெந்தெகொஸ்தே இயக்கம் எழுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே, அதே அடையாளங்களுடன் தமிழ்க் கிராமங்களில் இவ்வெழுப்புதல் நிகழ்ந்தது. வருகை நெருங்கிவிட்டது என்னும் உணர்வு இங்கே உழைப்பைக் குலைக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று போதிக்கும் சுதேசி ஊழியர்களையும், வெளிநாட்டு நிதியைச் சாராத சபைகளையும் அது உருவாக்கியது. அருளப்பன் நாள் குறித்துத் தம் மக்களைக் கலைக்கவில்லை என்பதே இதற்குக் காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

நாள் குறிக்காமை என்னும் அந்த எல்லை மேற்கு மலைக்கு அப்பால், திருவிதாங்கூரில், மீறப்பட்டது. எழுப்புதல் அலை 1870களில் திருவிதாங்கூருக்குள் நுழைந்தபோது, தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் குடும்பத்தோடு கிறிஸ்தவரான, ஆங்கிலிக்கன் மிஷனின் குருவாகிய ஜஸ்டஸ் யோசேப்பு அதன் தலைவர்களுள் ஒருவரானார். வித்துவான் குட்டி என்றும் அறியப்பட்ட அவர் இசையிலும் மொழியிலும் தேர்ந்தவர். மலையாளக் கிறிஸ்தவப் பாடல்களை இயற்றியவர். 1875இல், இன்னும் ஆறு ஆண்டில், அதாவது 1881இல், கிறிஸ்து வருவார் என்று அவரைச் சூழ்ந்த குழு அறிவித்தது. மிஷனோடிருந்த தொடர்பு அறுந்தது. குழு தனிச்சபையாகி யுயோமய சபை என்று பெயர் பெற்றது. குறித்த காலம் எந்த மாற்றமும் இன்றிக் கடந்தது. பின்பற்றியோரில் பலர் பழைய சபைகளுக்குத் திரும்ப, எஞ்சியோர் ஒரு சிறுகுழுவாகச் சுருங்கினர். அருளப்பனின் எழுப்புதலில் தோன்றிய நெருப்பே இதுவும். ஆண்டு ஒன்று குறிக்கப்பட்டது என்பதே வேறுபாடு.

திருவிதாங்கூருக்கு மட்டும் நேர்ந்த பிழையன்று இது. அமெரிக்க விவசாயி வில்லியம் மில்லர், தானியேல் நூலின் எண்களைக் கூட்டிக் கணித்த எதிர்பார்ப்பு 1844 அக்டோபர் 22ஆம் நாள் பொய்த்தது. அந்த ஏமாற்றத்தின் எச்சத்திலிருந்து 1863இல் உருவான ஏழாம்நாள் அட்வெந்து சபை இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தென்பாண்டி நாட்டுக்கு வந்து நாசரேத் வட்டாரத்தில் கால்கொண்டது. வருகை அண்மையில் உள்ளது என்பதை இன்றும் அடிப்படைப் போதனையாகக் கொண்டுள்ள அச்சபை, பட்டறிந்த பாடத்தின் பயனாக, நாள் குறிப்பதைக் கைவிட்டுப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துகிறது. அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்று அறிவித்து, அது தவறியபின் அக்டோபருக்கு மாற்றி, அதுவும் தவறியபின் தாம் செய்தது பிழை என்று ஒப்புக்கொண்டார்.

உத்திரமேரூர் வட்டாரத்துக்கு அண்மையில் முடிவுக்கால எதிர்பார்ப்பைத் தினசரி வாழ்க்கை முறையாகவே மாற்றிய அமைப்பு என்றால், தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் தலைமையிடம் கொண்ட தி பெந்தெகொஸ்தே மிஷனைக் குறிப்பிட வேண்டும். கேரளத்தில் பிறந்து இலங்கைக்குச் சென்று கிறிஸ்தவரான ராமன்குட்டி என்னும் பாஸ்டர் பால் (1881–1945) 1920களில் கொழும்பில் தொடங்கிய இச்சபையை மக்கள் நெடுங்காலம் சிலோன் பெந்தெகொஸ்தே என்றே அழைத்தனர். முழுநேர ஊழியர்களான ஆண்களும் பெண்களும் மணம்புரியாமல், சொத்தைத் துறந்து, வெள்ளுடை தரித்து, 'விசுவாச வீடு' என்னும் இல்லங்களில் பொதுவாழ்வு நடத்துகின்றனர். நோய்க்கு மருந்தை நாடாமல் ஜெபத்தையே நம்புகின்றனர். வெளிப்படுத்தின விசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில் சீயோன் மலையில் ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கும் 1,44,000 பேரின் நிலையை அடைவதே ஊழியரின் இலக்கு என்று அங்கே போதிக்கப்படுகிறது. இவர்களும் பிற பெந்தெகொஸ்தே சபையாரும், யோவேல் தீர்க்கதரிசி கூறிய முன்மாரி, பின்மாரி என்னும் இரு மழைகளில், ஆதிச் சபையின் மேல் ஆவி பொழிந்ததை முதலாவதாகவும், தங்கள் காலத்து எழுப்புதலை அறுவடைக்கு முந்திய இரண்டாவதாகவும் கொள்வர். பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த கிராமங்களில், மணமகளாகிய சபை உலக அலங்காரத்தைக் களைய வேண்டும் என்னும் போதனைப்படி நகையும் பூவும் துறந்து வெண்சேலை உடுத்தி ஞாயிறு காலையில் கூட்டத்துக்குச் செல்லும் பெண்கள், ஆயத்தம் என்பதை ஊரார் கண்ணுக்கு முன்னே அணிந்து செல்கின்றனர். துறவை மதிக்கும் தமிழ் மண்ணில் இது மரியாதையைப் பெற்றுத் தந்திருப்பதில் வியப்பில்லை. எனினும் மருந்தை மறுக்கும் போதனை, குழந்தைகளுக்கும் நாட்பட்ட நோயாளிகளுக்கும் விளைவிக்கக்கூடிய கேட்டைக் கருதினால், ஆயத்தத்தின் இவ்வடிவத்தை முழுமையாக ஏற்பது கடினம். நோயுற்றவனைக் கவனித்தாயா என்று கேட்கும் தீர்ப்பின் காட்சியோடு அது எளிதில் பொருந்துவதில்லை.

மறுமையை எதிர்பார்ப்போர் இம்மையின் அநீதியைப் பொறுத்துக்கொள்வர் என்பது இப்போதனையின்மேல் நெடுங்காலமாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வரலாறு அக்குற்றச்சாட்டை ஓரளவு திருத்துகிறது. உத்திரமேரூரை உள்ளடக்கியிருந்த அம்மாவட்டத்தில் பண்ணையாள் முறையில் கட்டுண்டிருந்த பறையர் மக்களின் நிலையை ஆராய்ந்த ஆட்சியர் ஜே.எச்.ஏ. டிரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892 செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை அரசு பிறப்பித்த ஆணை, தரிசு நிலங்களை அவர்களுக்கு ஒதுக்க வழிசெய்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழக்கில் பேசப்படுவது இதுவே. அதற்காக வாதாடியவர்களுள் செங்கற்பட்டில் பணிபுரிந்த ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர் வட்டாரத்து வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடியும் இருந்தனர். ஆண்ட்ரூ 1890களில் மெல்ரோசாபுரம் என்னும் வேளாண் குடியிருப்பையும் அமைத்தார். இறுதித் தீர்ப்பைப் பிரசங்கித்த இவர்களே பட்டாவுக்கும் கிணற்றுக்கும் மனு எழுதினர். சேரி மக்களின் செவியில், ஆண்டவர் வந்து கணக்குக் கேட்பார் என்னும் செய்தி அச்சுறுத்தலாக மட்டும் ஒலித்திருக்க இயலாது. இதுவரை எவரிடமும் கணக்குக் கேட்கப்படாத பண்ணையாரிடமும் ஒரு நாள் கேட்கப்படும் என்னும் உறுதியாகவும் அது ஒலித்திருக்கும். லூக்கா நற்செய்தியில், தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வனின் உயிர் அன்றிரவே கேட்கப்படுகிறது என்னும் உவமையை, களத்துமேட்டில் கூலி நெல்லுக்குக் காத்து நின்ற ஒருவர் எவ்வாறு கேட்டிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

அண்மைக் காலத்தில் நாள் குறிக்கும் ஆசை வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. நேரடியாக ஆண்டைச் சொன்னால் பொய்த்துவிடும் என்று கற்றுக்கொண்ட போதகர் சிலர், செய்தித்தாளை அடையாளப் பட்டியலாக்கிவிட்டனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை, மத்தியகிழக்குப் போர்கள், 2020இன் பெருந்தொற்று என ஒவ்வொன்றும் கடைசிக்கால நிகழ்வாகக் காட்டப்பட்டது. வெளிப்படுத்தின விசேஷத்தின் 13ஆம் அதிகாரம் கூறும் மிருகத்தின் முத்திரையும் 666 என்னும் எண்ணும், பொருட்களின் பார்கோடு, உடலுக்குள் வைக்கப்படும் கணினிச் சில்லு, தடுப்பூசி ஆகிய ஒவ்வொன்றின்மேலும் முறையே ஒட்டப்பட்டன. அந்த எண்ணை, கிறிஸ்தவரைத் துன்புறுத்திய உரோமைப் பேரரசன் நீரோவின் பெயரை எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பில் கூட்டிப் பெறலாம் என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. அதாவது, அந்நூல் பேரரசின் கொடுமைக்கு அஞ்சாது நிற்கும்படி ஆசியா மைனரின் சிறுசபைகளை ஊக்குவித்த நூல். புதிய கருவி ஒவ்வொன்றையும் கண்டு நடுங்குமாறு எவருக்கும் அது கற்பிக்கவில்லை. தடுப்பூசி போட்டுக்கொள்ளத் தயங்கிய விசுவாசியிடம் இதனைப் பொறுமையோடு எடுத்துச் சொல்வதும் போதகரின் பணியே.

கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன்களும் கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலமாக அனுசரிக்கின்றனர். குழந்தை இயேசுவின் பிறப்புக்கு ஆயத்தம் செய்யும் காலமென்றே பலரும் அறிந்துள்ள அக்காலத்தின் முதல் ஞாயிறு, இறுதி வருகை பற்றிய வாசகங்களோடு தொடங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது. உத்திரமேரூர்ப் பக்கத்தில் அது வடகிழக்குப் பருவமழையின் காலம். சம்பா நடவு முடிந்து, ஏரிகளின் கலங்கலைக் கண்காணிக்கும் வாரங்கள். டிசம்பர் 31 இரவில் நடைபெறும் ஆண்டிறுதி ஆராதனையோ, பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி தம் மெதடிஸ்டு இயக்கத்தில் பரப்பிய விழிப்பிரவு வழிபாட்டின் தமிழ் வடிவம். அவ்வழிபாட்டில் முதன்மை பெற்றிருந்தவை கடந்த ஆண்டுக்குக் கணக்கு ஒப்புவித்தலும் உடன்படிக்கையைப் புதுப்பித்தலும் ஆகும். இன்று பல சபைகளில் அந்த நள்ளிரவின் பெரும்பங்கை, புத்தாண்டில் கிடைக்கப்போகும் ஆசீர்வாதத்துக்கான வாக்குத்தத்த வசனம் எடுத்துக்கொண்டுவிட்டது. இருப்பினும், ஆண்டின் மற்ற ஞாயிறுகளில் ஆலயத்துக்கு வராதோரும் அந்த ஓரிரவுக்குத் தவறாமல் வந்து சேர்வதால், மத்தேயுவின் 25ஆம் அதிகாரத்தைத் தேர்ந்தெடுத்துப் பிரசங்கிக்கும் போதகர்களும் இருக்கவே செய்கின்றனர்.